கணக்கில் வராத வெற்றி: வியன்னாவும் பெர்லினும், கால்பந்தும் போரும்

1978 ஜூன் 21. அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் உலகக் கோப்பையின் இரண்டாம் சுற்று ஆட்டம். ஆஸ்திரியா மேற்கு ஜெர்மனியை 3-2 என்று வென்றது. ருமெனிகே முதல் கோலை அடித்து ஜெர்மனி முன்னிலை பெற்றிருந்தது. பிறகு ஜெர்மன் கேப்டன் பெர்ட்டி ஃபோக்ட்ஸின் காலில் பட்டுச் சொந்த கோல் ஒன்று விழுந்தது, ஹான்ஸ் கிராங்கல் இரண்டு அடித்தார். அந்த வெற்றியால் ஆஸ்திரியாவுக்கு ஒரு பயனும் இல்லை, இறுதிப் போட்டிக்கான வாய்ப்பு அதற்கு முன்பே போய்விட்டது. ஆனாலும் வர்ணனையாளர் எடி ஃபிங்கரின் தொண்டை கிழிந்த கத்தலை அந்த நாடு இன்னும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அன்று எல்லோர் வாயிலும் இருந்த எண் 47. 1931 செப்டம்பரில் வியன்னாவில் 5-0 என்று வென்ற பிறகு, 47 ஆண்டுகள் கழித்து ஜெர்மனிக்கு எதிராகக் கிடைத்த முதல் வெற்றி என்றார்கள்.

அந்தக் கணக்கில் ஓர் ஆட்டம் விடுபட்டிருக்கிறது. 1938 ஏப்ரல் 3 அன்று வியன்னாவின் பிராட்டர் மைதானத்தில் ஏறத்தாழ 60,000 பேர் முன்னிலையில் ஆஸ்திரிய வீரர்கள் ஜெர்மன் அணியை 2-0 என்று வென்றார்கள். எந்த அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் அது இல்லை, ஏனென்றால் அன்று ஆஸ்திரியா என்ற நாடே இல்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு, மார்ச் 12 அன்று, ஜெர்மன் படை எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தது. அதே சமயம், ஜெர்மனியின் தேசிய சாம்பியன்கள் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால், 1941-க்கு நேராக ராப்பிட் வியன்னா என்ற பெயர் அழியாமல் நிற்கிறது. நாடு இல்லாததால் ஒரு வெற்றி கணக்கில் வரவில்லை. அதே காரணத்தால்தான் இன்னொரு வெற்றி வேறொரு நாட்டின் கணக்கில் ஏறியது.

ஜெர்மனி–ஆஸ்திரியா கால்பந்துப் பகைமையைப் பற்றிப் புழங்கும் கதைகளில் பாதிக்கு மேல் 1945-க்குப் பிறகு, அந்தக் காலத்தின் தேவைக்காக உருவானவை. அன்றைய ஆட்டக்காரர் பட்டியல், தேதி, யார் யாரை மார்க் செய்தார்கள் என்ற விவரம் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதைகளைவிடக் கனமான ஒன்று கிடைக்கிறது.

இரண்டு ஆட்ட மரபுகள்

இரு நாடுகளும் முதன்முதலாக மோதியது 1908 ஜூன் 7, வியன்னாவில். ஆஸ்திரியா 3-2 என்று வென்றது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 5-1. 1931-இல் ஆஸ்திரியத் தேசிய அணியின் தலைவர் ஹூகோ மைசல் அமைத்த அணி மே மாதம் ஸ்காட்லாந்தை 5-0, எட்டே நாள் கழித்து பெர்லினில் ஜெர்மனியை 6-0, செப்டம்பரில் வியன்னாவில் மறுபடி ஜெர்மனியை 5-0 என்று சாய்த்தது. ‘அதிசய அணி’ என்ற பெயர் அப்போது வந்ததுதான். 1934 உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், நேப்பிள்ஸில், ஜெர்மனி 3-2 என்று பதிலடி கொடுத்தது.

வியன்னாவில் 1924-லிருந்தே சம்பளம் வாங்கும் தொழில்முறை லீக் இருந்தது. ஜெர்மனியில் ஆட்டக்காரர்கள் சட்டப்படி அமெச்சூர்கள். அதைவிட முக்கியம் ஆடும் முறையில் இருந்த வேறுபாடு. வியன்னாக்காரர்கள் பழைய 2-3-5 அமைப்பில் (பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர்) ஆடினார்கள், நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப்தான் ஆட்டத்தின் மூளை. பந்து அவரிடம் வரும், அவர் நிமிர்ந்து பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பார், அணி முழுக்க அவர் வேகத்துக்கு அசையும். ஜெர்மனி 1930-களின் நடுப்பகுதிக்குள் இங்கிலாந்திலிருந்து வந்த டபிள்யூ-எம் அமைப்புக்கு மாறிவிட்டது. அதில் சென்டர் ஹாஃப் பின்னால் இறங்கி, எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை ஒட்டிக்கொண்டு நிற்கும் தடுப்பாளராகிவிடுவார். ஆட்டத்தைக் கட்டுவது அவர் வேலையில்லை.

ஆஸ்திரியாவின் சிறு பாஸ் ஆட்டத்தை ‘ஆஸ்திரிய ரத்தம்’ என்றெல்லாம் பேசுவது ஒரு மரபாகவே இருக்கிறது. ஆனால் அதை 1912 முதல் மைசலோடு சேர்ந்து வியன்னாவில் சொல்லிக்கொடுத்தவர் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்த ஜிம்மி ஹோகன். 1914-இல் போர் மூண்டதும் எதிரி நாட்டவர் என்று அவரைக் கைது செய்தார்கள். பிறகு அவர் புடாபெஸ்டுக்குப் போய் அங்கேயும் ஒரு தலைமுறையை உருவாக்கினார். 1920-களின் பிற்பகுதியில் ட்ரெஸ்டனிலும் பயிற்சி கொடுத்தார். ஜெர்மனியின் மிகப் பெரிய சிறு பாஸ் அணியான ஷால்கேவுக்கு அந்த முறை வந்ததும் இங்கிலாந்தில் வளர்ந்து திரும்பிய பால்மன் சகோதரர்கள் வழியாகத்தான். எனவே வியன்னாவின் நளினம், பிரஷ்யாவின் (வட ஜெர்மனியின்) முரட்டு பலம் என்ற பிரிவினையை அப்படியே நம்பிவிட முடியாது.

ஏப்ரல் 3

அந்த ஆட்டம் தேர்தல் பிரசாரத்தின் ஒரு பகுதி. ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதை ஏற்கிறீர்களா என்ற பொதுவாக்கெடுப்பு ஏப்ரல் 10 அன்று நடக்கவிருந்தது (99 சதவீதத்துக்கு மேல் ‘ஆம்’ என்று அறிவித்தார்கள்). மைதானத்தைச் சுற்றி ஸ்வஸ்திகா கொடிகள். ஒரு பக்கம் ‘ஜெர்மன் ஆஸ்திரியா’, மறுபக்கம் ‘பழைய ரைஷ்’, அதாவது இணைப்புக்கு முந்தைய ஜெர்மனி. வியன்னா அணி சிவப்புச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் அணிந்து வந்தது. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் அதிசய அணியின் நட்சத்திரம் மத்தியாஸ் சின்டெலார் ஒன்று அடித்தார், தூரத்திலிருந்து கார்ல் செஸ்டா அடித்த ப்ரீகிக் இரண்டாவதாக உள்ளே போனது.

இதற்கு மேல் சொல்லப்படுவதைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் டிராவில் முடிய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு இருந்தது, சின்டெலார் முதல் பாதியில் வேண்டுமென்றே வாய்ப்புகளை வெளியே அடித்துக் கேலி செய்தார், கோல் அடித்ததும் நாஜித் தலைவர்கள் உட்கார்ந்திருந்த மேடைக்கு முன்னால் போய் ஆடினார் என்பது பிரபலமான கதை. அன்றைய பத்திரிகைச் செய்திகளில் இதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. சாட்சியங்கள் எல்லாம் பின்னால் வந்தவை. உறுதியாகத் தெரிந்தது இரண்டு: அவர் கோல் அடித்தார், பிறகு ஜெர்மனிக்காக ஒரு ஆட்டமும் ஆடவில்லை. ஜெர்மன் அணிப் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் பலமுறை கேட்டும், வயது 35 ஆகிவிட்டது, முழங்கால் சரியில்லை என்று மறுத்துவிட்டார்.

இதே வாரங்களில் நடந்த மற்ற மாற்றங்கள் இந்த நாடகக் காட்சிகளைவிட ஆழமான காயங்கள். தொழில்முறைக் கால்பந்து ஒழிக்கப்பட்டது, நேற்றுவரை சம்பளத்தில் வாழ்ந்தவர்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. 1925-இல் லீக் சாம்பியனாக இருந்த யூத சங்கம் ஹாகோவா கலைக்கப்பட்டு, அந்த ஆண்டு அது ஆடிய ஆட்டங்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. சின்டெலாரின் ஆஸ்திரியா வியன்னா சங்கத்துக்குச் சில மாதங்களுக்கு ‘ஓஸ்ட்மார்க்’ (ஆஸ்திரியாவுக்கு நாஜிகள் வைத்த பெயர்) என்று பெயர் மாற்றினார்கள். அதன் யூதத் தலைவர் மிஷ்ல் ஷ்வார்ட்ஸ் நாட்டைவிட்டுத் தப்பிப் போனார்.

84 நாள்களில் ஒட்டப்பட்ட அணி

1938 உலகக் கோப்பைக்கு ஆஸ்திரியா ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தது. இணைப்புக்குப் பின் அந்த இடம் காலியாக விடப்பட்டது. முதல் சுற்றில் அதனோடு மோதவிருந்த ஸ்வீடன் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போனது. மார்ச் 12-லிருந்து ஜூன் 4-ஆம் தேதி பாரிஸில் ஜெர்மனியின் முதல் ஆட்டம் வரை 84 நாள்கள். அந்த இடைவெளியில் இரண்டு தேசிய அணிகளை ஒன்றாக்கச் சொன்னார்கள்.

ஹெர்பெர்கரிடம் அப்போது நல்ல அணி இருந்தது. 1937 மே மாதம் ப்ரெஸ்லாவில் டென்மார்க்கை 8-0 என்று வென்ற அணி. அதை அப்படியே வைத்து, ஒன்றிரண்டு வியன்னாக்காரர்களை மட்டும் சேர்த்துக்கொள்ள அவர் விரும்பினார். கால்பந்து சம்மேளனத் தலைவர் ஃபெலிக்ஸ் லின்னெமன் வேறு உத்தரவு கொண்டுவந்தார்: ஒன்றிணைவு வெளியே தெரிய வேண்டும், ஆகவே பதினொருவரில் ஆறுக்கு ஐந்து, அல்லது ஐந்துக்கு ஆறு. 22 பேர் கொண்ட குழுவில் 9 பேர் ஆஸ்திரியர்கள்.

எச்சரிக்கை மணி மே மாதமே அடித்தது. மே 14 அன்று பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் இங்கிலாந்து 6-3 என்று ஜெர்மனியைத் தோற்கடித்தது. இங்கிலாந்து வீரர்கள் நாஜி வணக்கம் வைத்த ஆட்டம் என்று அது பெயர் பெற்றிருக்கிறது. மறுநாள் அதே மைதானத்தில், பெரும்பாலும் ஆஸ்திரியர்களைக் கொண்ட ஒரு ஜெர்மன் அணியை ஆஸ்டன் வில்லா 3-2 என்று வென்றது. அப்போது வில்லாவின் மேலாளர் ஜிம்மி ஹோகன்! 24 மணி நேரத்துக்குள் இரண்டு பாணிகளும் தனித்தனியாகத் தோற்றிருந்தன. அவற்றைக் கலந்தால் சரியாகிவிடும் என்று மேலிடம் நம்பியது.

கலந்தால் எங்கே உடையும் என்பதை ஆட்டக்காரர் பட்டியலிலேயே காணலாம். ஜூன் 4, பாரிஸ், சுவிட்சர்லாந்துக்கு எதிராக இறங்கியவர்கள்: கோலில் ராஃப்டல், ஃபுல்பேக்காக யானெஸ், ஷ்மவுஸ், ஹாஃப் வரிசையில் குப்ஃபர், மோக், கிட்ஸிங்கர், முன்வரிசையில் லேனர், கெல்லெஷ், கவுக்கல், ஹானெமன், பெஸ்ஸர். ராஃப்டல், ஷ்மவுஸ், மோக், ஹானெமன், பெஸ்ஸர் ஐவரும் வியன்னாக்காரர்கள்.

இடதுபுறத்தை மட்டும் பாருங்கள். ஜெர்மன் டபிள்யூ-எம் முறையில் எதிரணி விங்கரைப் பிடிப்பது ஃபுல்பேக்கின் வேலை, உள்ளே வரும் இன்சைட் ஃபார்வர்டைப் பிடிப்பது விங் ஹாஃபின் (நடுவரிசையின் ஓரத்து ஆட்டக்காரரின்) வேலை. வியன்னாவின் 2-3-5 முறையில் இது தலைகீழ்: இரண்டு ஃபுல்பேக்குகளும் நடுவைக் காப்பார்கள், விங்கரை விங் ஹாஃப் பார்த்துக்கொள்வார். இடது ஃபுல்பேக் ஷ்மவுஸ் வியன்னாவில் பழகியவர். அவருக்கு முன்னால் நின்ற கிட்ஸிங்கர் ஷ்வைன்ஃபுர்ட்டில் பழகியவர். பந்து இழந்த நொடியில் இருவருக்கும் கால் தானாக உள்பக்கம்தான் போகும், வெளியே விங்கர் தனியாக நிற்பார். இந்த ஆட்டம் டிராவானதால் நடந்த மறு ஆட்டத்தில் இடதுபுறம் ஸ்ட்ரைட்லே ஃபுல்பேக், ஸ்கோமல் விங் ஹாஃப். ஸ்ட்ரைட்லே பயர்ன் மியூனிக், ஸ்கோமல் ராப்பிட் வியன்னா. இப்போது நேரெதிர்: இருவருடைய பழக்கமும் வெளிப்பக்கம் இழுக்கும், உள்ளே இடைவெளி விழும். இதைச் சரிசெய்ய முடியாதது அல்ல. ஆனால் சில வாரப் பயிற்சியில், மூச்சு வாங்கும் நேரத்தில், பத்து வருடப் பழக்கத்தை மாற்ற முடியாது.

சென்டர் ஹாஃப் இடத்தில் இன்னும் மோசம். ஹான்ஸ் மோக் ஆஸ்திரியா வியன்னாவின் சென்டர் ஹாஃப், முன்னேறிப் போய் ஆட்டத்தைக் கட்டிப் பழகியவர். அவரைக் கேப்டனாக்கி, தடுப்பாளர் இடத்தில் நிறுத்தினார்கள். அவர் முன்னேறினால் பின்னால் பள்ளம், அங்கேயே நின்றால் அவரை எடுத்ததற்கே அர்த்தமில்லை.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 1-1. கூடுதல் நேரத்தில் பெஸ்ஸர் வெளியேற்றப்பட்டார். அன்றைக்குப் பெனால்டி ஷூட்டவுட் கிடையாது, ஐந்து நாள் கழித்து மறு ஆட்டம். ஹெர்பெர்கர் ஆறு பேரை மாற்றினார், விகிதம் மட்டும் மாறவில்லை: ஆறு ஜெர்மானியர், ஐந்து ஆஸ்திரியர். 22 நிமிடத்துக்குள் 2-0 முன்னிலை. அதற்குப் பிறகு வரிசையாக நான்கு கோல்கள் வாங்கி 4-2 என்று தோற்றார்கள், கடைசி இரண்டும் ‘ட்ரெல்லோ’ அபெக்லென் அடித்தவை. மாற்று ஆட்டக்காரர் விதி அன்று இல்லாததால், காயம்பட்ட ஒருவரை வெளியே விட்டுச் சிறிது நேரம் பத்துப் பேரோடு ஆடிய அணிதான் சுவிட்சர்லாந்து. 2018-இல் ரஷ்யாவில் குழுச் சுற்றோடு வெளியேறும் வரை ஜெர்மனியின் மோசமான உலகக் கோப்பை இதுதான்.

சுவிட்சர்லாந்தின் பயிற்சியாளர் கார்ல் ராப்பானும் வியன்னாக்காரர், ராப்பிட்டுக்கு ஆடியவர். ‘தாழ்ப்பாள்’ என்று பெயர் பெற்ற அவருடைய முறையில், விங் ஹாஃப் இருவரும் பின்வாங்கி விங்கர்களைப் பிடிப்பார்கள். நடுவில் இருக்கும் இரண்டு ஃபுல்பேக்குகளில் ஒருவர் பந்தோடு வருபவரை எதிர்கொள்ள, இன்னொருவர் அவருக்குப் பின்னால் காவலுக்கு நிற்பார். தனிமனிதத் திறமையில் பின்தங்கிய அணி பலமான அணியைச் சமாளிக்க அமைத்த முறை அது. ராப்பானின் ஆட்களில் ஒவ்வொருவருக்கும் தன் வேலை தெரிந்திருந்தது. எதிரே நின்ற பதினொருவரில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. வியன்னா வீரர்கள் மனம் வைத்து ஆடவில்லை, சதி செய்தார்கள் என்று ஜெர்மனியில் பேசினார்கள். ஜெர்மானியருக்குக் கால்பந்து தெரியாது என்று வியன்னாவில் பேசினார்கள். மேலே சொன்ன இடதுபுறக் குழப்பமே அந்தத் தோல்வியின் பெரும்பகுதியை விளக்கிவிடும்.

ஷால்கேவும் வியன்னாவும்

தேசிய அணி இல்லாமல் போனதும் பகைமை சங்கங்களுக்கு இறங்கியது. அதற்கு ஏற்ற எதிரியாக ஷால்கே கிடைத்தது. கெல்சன்கிர்ஷனின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்த சங்கம், 1934 முதல் 1942 வரை ஆறு தேசியப் பட்டங்கள். ஃப்ரிட்ஸ் செபான், எர்ன்ஸ்ட் குசோரா என்ற மைத்துனர் இருவரும் பம்பரம் போலச் சுழலும் சிறு பாஸ்களால் எதிரணியைக் கிறங்கடிப்பார்கள்.

வியன்னா அணிகளின் தொடக்கம் நன்றாக இருந்தது. 1939 ஜனவரியில், ரைஷ் விளையாட்டுத் தலைவர் ட்ஷம்மரின் பெயரிலான கோப்பையை ராப்பிட் பெர்லினில் வென்றது, ஃபிராங்ஃபுர்ட்டின் எஃப்.எஸ்.வி. அணிக்கு எதிராக 3-1. ஆனால் அந்த ஜூன் 18 அன்று தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் ஷால்கே வியன்னாவின் அட்மிராவை 9-0 என்று நொறுக்கியது. கல்விட்ஸ்கி மட்டும் ஐந்து கோல். நியாயமான தோல்வி என்று வியன்னாவில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கோபம் 1940 நவம்பர் 17 அன்று வெடித்தது. அதே இரண்டு அணிகளும் பிராட்டர் மைதானத்தில் நட்பு ஆட்டம் ஆடின. ஜெர்மன் நடுவர் அட்மிராவின் கோல்களை மறுத்தார், ஆட்டம் 1-1 என்று முடிந்தது. கூட்டம் இருக்கைகளைப் பிய்த்தது, போலீஸாரோடு மோதியது, நாஜிக் கட்சியின் வியன்னா ஆளுநர் பால்டூர் ஃபான் ஷீராக்கின் காரைச் சேதப்படுத்தியது. இதை எதிர்ப்பியக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. அந்த மைதானத்தில் கத்தியவர்களில் எத்தனையோ பேர் கட்சி உறுப்பினர்கள். நாஜிகளாக இருந்துகொண்டே ‘பிரஷ்யர்களை’ வெறுக்க முடிந்தது, வியன்னாவில் அது சகஜமாகவே இருந்தது. யூத அண்டைவீட்டாரை விரட்டியபோது வராத கோபம், மறுக்கப்பட்ட கோல்களுக்கு வந்தது.

அடுத்தது 1941 ஜூன் 22. அதிகாலை 3 மணிக்குச் சற்றுப் பின்னர் சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்கள் சோவியத் எல்லையைத் தாண்டத் தொடங்கினார்கள். அன்று பிற்பகல் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் திட்டமிட்டபடி இறுதி ஆட்டம்: ஷால்கே எதிர் ராப்பிட். ஏறத்தாழ 95,000 பேர். ஆட்டத்தைத் தள்ளிவைக்கக்கூட ஆட்சிக்குத் தோன்றவில்லை. எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது என்று காட்டுவதற்கே கால்பந்து தேவைப்பட்டது.

முதல் பத்து நிமிடத்துக்குள் ஷால்கே 2-0. இரண்டாம் பாதியில், ஏறக்குறைய 58-ஆவது நிமிடத்தில், 3-0. அதற்கு மேல் ராப்பிட் செய்ததை ஜெர்மன் இறுதி ஆட்டங்களின் வரலாற்றில் வேறு யாரும் செய்ததில்லை. ஷோர்ஸ் ஒரு கோலைத் திருப்பினார். உடனே ஃபிரான்ஸ் ‘பிம்போ’ பிண்டர் சுமார் பத்து நிமிடத்துக்குள் மூன்று அடித்தார், அதில் ஒன்று பெனால்டி. 4-3. பிண்டர் உயரமானவர், அவருடைய ப்ரீகிக்குக்கு எதிராகச் சுவர் கட்டி நிற்கவே ஆட்கள் அஞ்சுவார்கள்.

வென்றதற்குத் தண்டனையாக ராப்பிட் வீரர்களைக் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள் என்று போருக்குப் பின் ஒரு கதை பரவியது. அணியில் பலர் அந்த ஆட்டத்துக்கு முன்பே ராணுவச் சீருடையில் இருந்தவர்கள், விடுப்பு வாங்கி வந்து ஆடியவர்கள். அவர்களை முன்னணிக்கு இழுத்தது அன்று காலை தொடங்கிய படையெடுப்பு, அது அதே வயதிலிருந்த எல்லோரையும் இழுத்தது, ஷால்கே வீரர்களையும்தான். ஷால்கேவின் முன்வரிசை ஆட்டக்காரரும் தேசிய அணி வீரருமான அடோல்ஃப் உர்பன் 1943-இல் கிழக்கு முனையில் செத்துப்போனார். அடுத்த ஆண்டு, 1942 ஜூலையில், ஷால்கே ஃபர்ஸ்ட் வியன்னா என்ற இன்னொரு வியன்னா சங்கத்தை 2-0 என்று வென்று பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதையும் தண்டனைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

சீருடையில் கால்பந்து

போர் முற்ற முற்ற லீக் எப்படி நடந்தது என்பது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஆள் எங்கே இருக்கிறார் என்பதே நாளுக்கு நாள் மாறியதால், ‘விருந்தினர் ஆட்டக்காரர்’ விதி கொண்டுவந்தார்கள்: ஒரு நகரில் பணியமர்த்தப்பட்ட ராணுவ வீரர் அந்த ஊர்ச் சங்கத்துக்கு ஆடலாம். ஆள் போதாத சங்கங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரே அணியாக இறங்கின. பெரிய படைத்தளம் இருந்த ஊரின் அணி திடீரென்று பலமாகும், படைப்பிரிவு இடம் மாறியதும் சரிந்துவிடும். அந்த ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியலைப் படிப்பவர்கள் அந்தப் படைத்தளங்களின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இதன் உச்சம் ஹாம்பர்க்கின் விமானப்படை அணி. எங்கெங்கோ இருந்து நல்ல ஆட்டக்காரர்களைத் தன் பிரிவுக்கு மாற்றி வாங்கிக்கொண்டது. 1943 அக்டோபரில் கோப்பை இறுதியில் ஃபர்ஸ்ட் வியன்னாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது. வியன்னா அணிக்கு அன்று வெற்றி தேடித் தந்த ருடோல்ஃப் நோவாக் பிறவி ஹாம்பர்க்காரர், விருந்தினர் விதியால் வியன்னாவுக்கு ஆடியவர். போருக்குப் பின் சோவியத் சிறைமுகாமில் 1947-இல் இறந்தார். 1944 ஜூன் 18 அன்று, போர்க்காலத்தின் கடைசி தேசிய இறுதியில், ட்ரெஸ்டன் அந்த விமானப்படை அணியை 4-0 என்று வென்றது. நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி 12 நாள் ஆகியிருந்தது.

தேசிய அணி அதற்கு முன்பே நின்றுவிட்டது. 1942 நவம்பர் 22 அன்று பிராட்டிஸ்லாவாவில் ஸ்லோவாக்கியாவை 5-2 என்று வென்றது கடைசி ஆட்டம். மறுநாள் ஸ்டாலின்கிராடைச் சுற்றிச் சோவியத் வளையம் மூடியது. ஹெர்பெர்கர் அதுவரை பயிற்சி முகாம் என்ற பெயரில் தன் ஆட்டக்காரர்களை முன்னணியிலிருந்து இழுத்து வைத்திருந்தார். அந்த வழி அடைபட்டதும் விமானப்படை அதிகாரி ஹெர்மன் கிராஃபின் உதவியை நாடினார். 200-க்கும் மேற்பட்ட விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு வைத்திருந்த கிராஃப் கோல்கீப்பரும்கூட. தன் பிரிவிலேயே ‘சிவப்பு வேட்டைக்காரர்கள்’ என்று ஓர் அணி வைத்திருந்தார். கைசர்ஸ்லவுட்டர்னின் ஃப்ரிட்ஸ் வால்டர், அட்மிராவின் ஹான்ரைட்டர், ஷால்கேவின் எப்பென்ஹோஃப் அதில் ஆடினார்கள். பிராட்டர் கலவரத்தின் இரண்டு சங்கங்களும் ஒரே சட்டையில்!

ஹெர்பெர்கரின் முயற்சியால் பிழைத்தவர்களைப் பற்றிப் பேசும்போது யாரைக் காப்பாற்ற ஒரு கையும் நீளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். யூலியஸ் ஹிர்ஷ் ஜெர்மனிக்காக 7 ஆட்டங்கள் ஆடியவர், 1912-இல் நெதர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4 கோல் அடித்தவர், முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் சண்டையிட்டு இரும்புச் சிலுவை வாங்கியவர். 1943 மார்ச்சில் அவரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள், திரும்பவில்லை. ஆஸ்திரியாவின் ஓட்டோ ஃபிஷரும் 7 ஆட்டங்கள் ஆடிய தேசிய வீரர். லாட்வியாவில் பயிற்சியாளராக இருந்தபோது 1941-இல் லீபாயாவில் கொல்லப்பட்டார். ஜெர்மன்–ஆஸ்திரியப் பகைமையின் நாயகர் பட்டியல்களில் இந்த இரண்டு பெயர்களும் பல பத்தாண்டுகள் இல்லாமலே இருந்தன.

1945-க்குப் பின்

1945-இல் ஃப்ரிட்ஸ் வால்டர் சோவியத் காவலில், கிழக்கு நோக்கிப் போகும் வழியில் சிகெட் முகாமில் இருந்தார். காவலர்கள் ஆடிய கால்பந்தில் கலந்துகொண்டபோது, அவரைப் புடாபெஸ்ட் ஆட்டத்தில் பார்த்திருந்த ஒரு ஹங்கேரியக் காவலர் அடையாளம் கண்டார். வால்டரின் பெயர் கிழக்கே போகும் பட்டியலில் ஏறவில்லை. தம்பி லுட்விக்கோடு அந்த இலையுதிர் காலத்தில் ஊர் திரும்பினார்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1954 ஜூன் 30, பாசெல். உலகக் கோப்பை அரையிறுதி. இரண்டு நாடுகளிலும் வெற்றி பெற்ற வல்லரசுகளின் படைகள் இன்னும் இருந்தன, இரண்டுக்கும் இறையாண்மை திரும்பியது அடுத்த ஆண்டில்தான். ஜெர்மன் அணிக்குப் பயிற்சியாளர் அதே ஹெர்பெர்கர். ஆஸ்திரியாவுக்கு வாய்ப்பு அதிகம் என்றே பலர் எண்ணினார்கள். இடைவேளையில் 1-0, முடிவில் ஜெர்மனி 6-1. வால்டர் சகோதரர்கள் ஃப்ரிட்ஸும் ஓட்மாரும் ஆளுக்கு இரண்டு, ஃப்ரிட்ஸின் இரண்டும் பெனால்டி.

அந்தத் தோல்விக்கு ஒரு முன்கதை உண்டு. நான்கு நாள் முன்பு லோசானில் கடும் வெயிலில் ஆஸ்திரியா சுவிட்சர்லாந்தோடு ஆடி 7-5 என்று வென்றிருந்தது, 0-3 என்று பின்தங்கிய பிறகு. கோல்கீப்பர் ஷ்மீட் வெயில் தாக்கித் தள்ளாடினார். மாற்று ஆள் விதி இல்லாததால் அவரை அப்படியே நிறுத்தி ஆடினார்கள். அரையிறுதிக்கு அவருக்குப் பதில் வந்த ட்ஸேமன் ஆட்டத் தொடர்பு விட்டுப்போயிருந்தார், உயரப் பந்துகளில் தடுமாறினார். அன்று லோசானில் தோற்ற சுவிட்சர்லாந்துக்குப் பயிற்சி கொடுத்தவர், மறுபடியும், கார்ல் ராப்பான். இந்த இரண்டு நாடுகளின் ஆட்டக் கணக்கில் அவர் எப்போதும் மூன்றாவது ஆளாக நிற்கிறார்.

கோர்டோபாவின் கொண்டாட்டத்தை இந்த 6-1-ஐ மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. இடையில் ஆஸ்திரியா தன்னை ஹிட்லரின் ‘முதல் பலி’ என்று சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தது. 1943-இல் நேச நாடுகள் மாஸ்கோவில் வெளியிட்ட அறிக்கை அந்த வாசகத்துக்கு இடம் கொடுத்தது. மைதானத்தில் ஜெர்மானியரை எதிர்த்து நின்ற சின்டெலார் என்ற சித்திரம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 1982 உலகக் கோப்பையில், ஸ்பெயினின் கிகோனில், இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகப் போதுமானதாக இருந்த ஒரு கோலுக்குப் பின் இரு அணிகளும் பந்தை உருட்டிக்கொண்டிருந்து, முந்தின நாளே தன் ஆட்டங்களை முடித்திருந்த அல்ஜீரியாவை வெளியேற்றியபோது, பகைமையின் வீரவசனங்கள் எல்லாம் 80 நிமிடத்துக்கு நின்றுபோயின. குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற விதி 1986 உலகக் கோப்பையில் வந்ததற்குக் காரணம் அதுதான்.

சின்டெலார் 1939 ஜனவரி 23 அன்று வியன்னாவில் தன் தோழியின் வீட்டில் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்துகிடந்தார், தோழியும் பிழைக்கவில்லை. விபத்து, தற்கொலை, கொலை என்று மூன்று விதமாகவும் எழுதிவிட்டார்கள். உத்தியோகப்பூர்வ முடிவு விபத்து. அதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் வியன்னாவின் ஃபவோரிட்டன் பகுதியில் ஒரு காஃபி ஹவுஸ் வாங்கியிருந்தார். உரிமையாளர் யூதர், விற்பனை, யூதர்களின் சொத்தை மற்றவர் கைக்கு மாற்றிய ‘ஆரியமயமாக்கல்’ சட்டத்தின் கீழ் நடந்தது, விலை 20,000 ரைஷ்மார்க். சம்பள ஆட்டம் ஒழிக்கப்பட்டதால் அவருக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது உண்மை. அந்த உரிமையாளருக்கு விற்காமலிருக்க வழியே இருக்கவில்லை என்பதும் உண்மை. அதே 1938-இல் கெல்சன்கிர்ஷனில் ஷால்கே கேப்டன் செபான், யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு ஜவுளிக்கடையை வாங்கிக்கொண்டார். 2001-இல் புதிய மைதானத்துக்கு அருகே ஒரு தெருவுக்கு செபானின் பெயரைச் சூட்ட நினைத்தபோது இந்த விவரம் எழுந்தது, அந்தத் தெருவுக்கு வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.